வெட்டப்பட்ட ‘ஆனா’

எங்கள் ஊரில் கார்ப் பைத்தியங்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. அதில் நான் ஒருத்திதான் பெண். பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஒரு திரையில் கட்டம் கட்டமாக அன்னமும் யாளியும் வரைந்துகொண்டிருப்பேன். பக்கத்துத் திரையில் யாராவது ஒருவர் ஒரு புதுக் காரின் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பார். கதவு மூடுகிற சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று நான் சொல்லிவிடுவேன் என்று என் கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வதுண்டு. அதில் பாதி பெருமை, பாதி புகார். அவரைப் பொறுத்தவரை கார் என்பது மழையில் நனையாமல் போய்வர ஒரு வசதி, அவ்வளவுதான்.

குழுவில் நாங்கள் கார்களைப் பற்றிப் பேசியதைவிட, கார்களைப் பற்றி இணையத்தில் பேசுகிறவர்களைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். எவர் கம்பெனி செலவில் மலை ரிசார்ட்டில் தங்கிவிட்டு வந்து புகழ்கிறார், எவர் ஓட்டிப் பார்க்காமலே பேசுகிறார் என்று தினமும் சண்டை நடக்கும். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் தம்பி ஒருவன், திட்டிப் பேசுகிற விமர்சகரைத் தவிர வேறு யாரையும் லேசில் நம்ப மாட்டான். “திட்டுறவன் எதுக்குக்கா பொய் சொல்லப் போறான்” என்பான். திட்டினால் பார்ப்பவர்கள் கூடுவார்கள், அதுவும் ஒரு வியாபாரம்தான் என்று நான் சொன்னால் கேட்க மாட்டான். அவனும் சரி, மற்றவர்களும் சரி, தாங்கள் வாங்கிய வண்டியைப் புகழ்கிறவரை நேர்மையானவர் என்றும், குறை சொல்கிறவரைப் போட்டிக் கம்பெனி ஆள் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதில் நானும் சேர்த்திதான்.

எல்லோரும் ஒருமனதாக நம்பிய ஆள் ஒருவர் உண்டு. சென்னையில் இருந்து தமிழில் பேசும் இளைஞர். சத்தம் போடாமல், சீட்டில் உட்கார்ந்து முட்டி எங்கே இடிக்கிறது என்பதுவரை காட்டுவார். நான் வைத்திருக்கும் ஆட்டோமேட்டிக் காரின் புது மாடலை எங்கள் காஞ்சிபுரத்தில் வைத்துப் படம்பிடிக்கப் போவதாகவும், அதே வண்டி வைத்திருக்கும் யாராவது பேச வேண்டும் என்றும் அவர் குழுவின் அட்மினிடம் கேட்டார். அட்மின் என் எண்ணைக் கொடுத்தார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

சந்தோஷத்துக்குக் காரணம் வெறும் ஆசை இல்லை. என் வண்டியில் ஒரு குறை இருந்தது. வேகத்தடை வந்து மெதுவாக்கிவிட்டு மறுபடியும் ஆக்ஸிலேட்டரை மிதித்தால், சில சமயம் வண்டி ஒன்றுமே செய்யாது. இன்னும் கொஞ்சம் மிதித்தால் திடீரென்று பாயும். சர்வீஸ் சென்டரில் சொன்னபோது, “ஓட்டிப் பாத்தோம் மேடம், நார்மலா இருக்குது” என்று திருப்பி அனுப்பினார்கள். எந்த விமர்சகரும் இதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது நானே சொல்லலாம் என்று நினைத்தேன். என்ன சொல்வது என்று சமையலறையில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

படம்பிடிக்கும் நாள் காலையில் சுடிதாரில் போய் நின்றேன். கோபுரம் தெரிகிற மாதிரி புது மாடலை நிறுத்தியிருந்தார்கள், பக்கத்தில் என் வண்டியையும் நிறுத்தச் சொன்னார்கள். அந்தச் சென்னைத் தம்பி திரையில் தெரிவதைவிட ஒல்லியாக இருந்தார். என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. பட்டுச் சேலை கட்டிட்டு வர முடியுமா? ஊருக்கு ஏத்த மாதிரி இருக்கும்.”

வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். சீட் பெல்ட்டுக்குள் முந்தானை மாட்டிக்கொண்டு சரசரத்தது. முதல் கேள்வியாக, “லேடீஸ் பார்க்கிங் பண்றதுக்கு ஈஸியா இருக்குதாக்கா?” என்று கேட்டார். அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்.

“வண்டி எனக்கு ரொம்பப் புடிக்கும். ஆனா மெதுவாப் போய்க்கினே இருந்துட்டு திரும்ப மிதிச்சா, ஒரு நொடி யோசிக்குது. அப்புறம் சட்டுனு பாயுது. தேரடியில ஜனங்க குறுக்க வர்ற இடத்துல அது பயமா இருக்குது.”

அவர் தலையாட்டிக் கேட்டார். நடுவில் ஒரு வேன் ஹாரன் அடித்ததால் மறுபடியும் சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன். “செம பாயிண்ட் அக்கா” என்றார். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. இதை லட்சக்கணக்கில் பார்ப்பார்கள், கம்பெனிக்காரர்கள் பார்ப்பார்கள், என் சர்வீஸ் சென்டர் மேனேஜர் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அடுத்து வந்த நாட்களில் அடுப்பில் பால் வைத்துவிட்டும் போனைத் திறந்து பார்த்தேன், வீடியோ வந்துவிட்டதா என்று.

வந்தது. முகப்புப் படத்தில் என் முகம். பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘பட்டு அக்கா என்ன சொல்றாங்க?’ என்று போட்டிருந்தார்கள். உள்ளே நான் வரும் இடத்தைத் தேடித் தள்ளிப் பார்த்தேன். “வண்டி எனக்கு ரொம்பப் புடிக்கும்” என்று சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அடுத்த ‘ஆனா’வுக்காக என் வாய் திறக்கிறது. அந்த இடத்தில் வெட்டிவிட்டு, மேலே பறந்து கோபுரத்தைச் சுற்றி வரும் காட்சிக்குப் போய்விட்டார்கள். பின்னால் நாதஸ்வரம். நான் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அடுத்த சொல் வந்துவிடும் என்று பைத்தியக்காரத்தனமாக எதிர்பார்த்தேன்.

என் கணவர் பார்த்துவிட்டு, “நல்லாத்தான வந்திருக்குது. சேலை கலர் எடுப்பா இருக்குது” என்றார்.

குழுவில் மெடிக்கல் ஷாப் தம்பி, “அக்கா, உங்களுக்கும் ரிசார்ட் உண்டா?” என்று கேட்டிருந்தான். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நான் நடந்ததை நீளமாக எழுதினேன். சிலர் நம்பினார்கள். சிலர், “அங்கயே அடிச்சுச் சொல்லியிருக்கணும்” என்றார்கள். அடித்துத்தான் சொன்னேன் என்று எழுதி, அழித்து, மறுபடியும் எழுதினேன். இத்தனை நாள் நாங்கள் அடுத்தவர்களுக்குச் செய்ததை இப்போது அவர்கள் எனக்குச் செய்கிறார்கள் என்பது புரிந்தது. புரிந்ததால் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

அந்தச் சென்னைத் தம்பிக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன், உடனே எடுத்தார்.

“அக்கா, நான் அந்தப் புது வண்டிய ரெண்டு மூணு நாள் ஓட்டினேன். எனக்கு அந்தப் பிரச்சனை வரவே இல்ல. நான் பாக்காத ஒண்ண எப்படிப் போடறது?”

“அது நான் சொல்றதுதானப்பா. நீங்க சொல்றதா யார் நெனைக்கப் போறாங்க?”

“இருந்தாலும் என் சேனல்லதானேக்கா வருது” என்றார்.

“கம்பெனி ஆளுங்க வெட்டச் சொன்னாங்களா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. அடுத்த வண்டி வராது, அவ்ளோதான்.”

அவர் ஏதாவது பொய் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு வைத்திருப்பேன். உண்மையைச் சொன்னதால் திட்டாமலே போனை வைத்தேன். வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தேன். அன்று நான் வரைந்த சேலைக் கரையில், எதிரெதிராகப் பார்க்க வேண்டிய மயில்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. பட்டுக் கடைக்காரர் போனில் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் அதுவே தெரிந்தது.

மறுநாள் வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருக்கும் அண்ணன் கூப்பிட்டார். அவரும் எங்கள் குழுவில் இருப்பவர், அறுபதை நெருங்குகிறவர். முட்டி வலியால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை, ஆட்டோமேட்டிக் வாங்க வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“வீடியோ பாத்தேம்மா. உன் வண்டியேதான். புக் பண்ணிட்டேன்.”

“அண்ணா, அதுல ஒரு கோளாறு இருக்குது. நான் சொன்னத வெட்டிட்டாங்க. குரூப்ல போட்டேனே, பாக்கலயா?”

“பாத்தேன். வெட்டுனா வெட்டட்டும். உன் மொகத்தப் பாத்தனே, பொய் சொல்ற மொகமா அது? புடிக்கும்னு மனசாரச் சொல்ற.”

போனில் நானே சொல்வதைவிட வீடியோவில் இருக்கும் என்னை அவர் அதிகம் நம்பினார். வாதாடிப் பயனில்லை என்று, வண்டியை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத்துக்கே போனேன். அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மார்க்கெட் வழியாக, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, இருக்கிற வேகத்தடை எல்லாவற்றிலும் ஏற்றி இறக்கினார். “இப்ப வரும் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வரவில்லை. வண்டி வெண்ணெய் மாதிரி போனது. ஆசைப்பட்டு வாங்கிய வண்டி கெட்டுப்போக வேண்டுமே என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

“வண்டி மேல பழி போடாதம்மா” என்று அவர் சிரித்தார். மில் வாசலில் இறங்கி, பானெட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வரும்போது எனக்கே சந்தேகம் வந்தது. அந்தப் பிரச்சனை தனக்கு வரவில்லை என்று சென்னைத் தம்பி சொன்னது நிஜமாகவே இருக்கலாம். ஒருவேளை என் கால்தான் சரியில்லையோ. இதையே நினைத்துக்கொண்டு ரயில்வே கேட்டில் நின்றேன். கேட் திறந்தது. முன்னால் போன வண்டிகளோடு ஊர்ந்தேன், மிதித்தேன். வண்டி நின்ற மாதிரி இருந்தது. அடுத்த கணம் பாய்ந்தது. பிரேக்கை அழுத்தி நிறுத்தியபோது முன்னால் போன ஸ்கூட்டரின் பின்பக்கத்துக்கும் எனக்கும் ஒரு கை அகலம்தான். ஓட்டி வந்த பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். வேகமாகப் போய்விட்டாள். ஓரமாக நிறுத்தி உட்கார்ந்தேன். அந்தப் பயத்துக்குள்ளேயே, வந்துவிட்டது, நான் சொன்னது சரி என்று ஒரு குரல் துள்ளியது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாளே போன் மாட்டும் ஸ்டாண்ட் ஒன்று வாங்கினேன். என் காலும் வேக முள்ளும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி கோணம் பார்த்து மாட்டினேன். அதற்குப் பிறகு காய்கறி வாங்கப் போனாலும் படம் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் போகிற வண்டிகளிடமிருந்து நிறைய இடைவெளி விட்டு ஓட்டினேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தார்கள். எங்கேயும் போக வேலை இல்லாதபோதும் கிளம்பினேன். வீட்டில் இருந்தால் இப்போது போயிருந்தால் வந்திருக்குமே என்று இருக்கும். போனால் வரவில்லையே என்று இருக்கும்.

ஒருநாள் என் கணவரை ஆபீசில் இருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் மடியில் டிபன் கேரியர் இருந்தது. திருப்பத்தில் மெதுவாக்கி மிதித்தேன். வண்டி யோசித்தது, பாய்ந்தது. கேரியர் அவர் காலடியில் உருண்டது.

“இதத்தான் நான் சொல்லிக்கினே இருந்தேன்” என்றேன்.

“இதையா? இது எப்பவும் வர்றதுதானே. எல்லா வண்டியும் இப்படித்தான்னு நெனச்சேன்” என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சர்வீஸ் சென்டர்காரர்களுக்கும் விமர்சகருக்கும் மில் அண்ணனுக்கும் வராத கோளாறு, இத்தனை மாதமாக என் பக்கத்து சீட்டில் ஒரு சாட்சியோடு இருந்திருக்கிறது. அவரிடம் நான் கேட்டதே இல்லை.

ஆனால் இந்த முறை படத்தில் விழுந்துவிட்டது. இசை இல்லாமல், முகம் இல்லாமல், அந்தத் துண்டை மட்டும் இணையத்தில் ஏற்றினேன். சென்னைத் தம்பியின் வீடியோவுக்குக் கீழே அதன் இணைப்பைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போனது. அவர் எடுத்தாரா, தளமே எடுத்ததா என்று தெரியாது. அதற்குள் சிலர் என் பக்கத்தைத் தேடி வந்து, “எனக்கும் இதே பிரச்சனை” என்று எழுதினார்கள். “போட்டிக் கம்பெனிகிட்ட எவ்ளோ வாங்கின” என்று கேட்டவர்களும் உண்டு. மெடிக்கல் ஷாப் தம்பி மட்டும் குழுவில், “அக்கா சொன்னது கரெக்ட்தான்” என்று ஒரு வரி போட்டான். என்னை நம்பினானா, வண்டியைக் குறை சொன்னதால் வழக்கம்போல நம்பினானா, தெரியாது.

மில் அண்ணன் அதை ஷோரூமுக்கே எடுத்துப்போய்க் காட்டினார். அவர்கள் பார்த்துவிட்டு, சாஃப்ட்வேர் மாற்றித் தருகிறோம் என்றார்கள். அவர் புக்கிங்கை ரத்து செய்யவில்லை. “முட்டி கேக்க மாட்டேங்குதும்மா” என்றார். வண்டி வந்த பிறகு ஒருநாள் கூப்பிட்டு, “வருது. எப்பவாவது. நீ சொன்ன மாதிரியேதான்” என்றார். குரலில் கோபம் இல்லை. இடைவெளி விட்டு ஓட்டுகிறாராம். என் வண்டிக்கும் சாஃப்ட்வேரை மாற்றிக் கொடுத்தார்கள். முன்னைவிடக் குறைந்திருக்கிறது. வண்டி திருந்தியதா, என் கால் பழகிவிட்டதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இப்போது எனக்கு வேறொரு தொல்லை. அந்தத் துண்டு வீடியோவைப் பார்த்தவர்கள் எந்தக் கார் வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். நான் ஓட்டியே பார்க்காத வண்டிகளைப் பற்றியெல்லாம் கேட்கிறார்கள். போன வாரம் வேலூரில் இருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விட ஒரு வண்டி வேண்டும், இதை வாங்கலாமா என்று. நான் ஓட்டியதில்லை, ஷோரூமில் கேட்டு நெரிசலில் ஓட்டிப் பாருங்கள், வைத்திருக்கிற ஒருவரிடமாவது நேரில் பேசுங்கள், யார் வீடியோவையும் நம்பி வாங்காதீர்கள் என்று பதில் போட்டேன்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. நீங்க உண்மையப் பேசுறவங்க. வாங்குன்னா வாங்கிடறேன்” என்று எழுதினார்.

அந்த வண்டியைப் பற்றி மூன்று விமர்சகர்களின் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். பிறகு எங்கள் குழுவில், வேலூர்ப் பக்கம் இந்த வண்டியை வைத்திருக்கிற ஆள் யாராவது தெரியுமா என்று கேட்டுப் போட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.