யூஜின் நினைவுக் கோப்பை

யூஜின் சாகவில்லை. ஊர்தான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

வில்லியனூர் பக்கம், மாதா கோயிலை ஒட்டி அவன் வீடு. அறுவடை முடிந்த கரும்புக்கொல்லையில் வட்டமாகப் பாதை போட்டு, தண்ணி லாரி விட்டு நனைத்து, பைக் பந்தயம் நடத்துவார்கள். வண்டிக்கு பிரேக் கிடையாது. திருப்பமெல்லாம் இடது பக்கம். இரும்புத் தகடு அடித்த பூட்ஸை இடது காலில் மாட்டி, தரையில் தேய்த்தபடியே வண்டியைச் சாய்க்க வேண்டும். அதில் பாகூர் வரைக்கும் யூஜினை அடிக்க ஆளில்லை. வண்டி மட்டும் ஒர்க்‌ஷாப் முதலாளி மணவாளனுடையது. "நீ உசுரோட இருக்கிற வரைக்கும் இதுல வேற எவனும் குந்தமாட்டான்டா," என்று, அவன் ஜெயித்த கோப்பையைக் கட்டிப்பிடித்தபடி சொன்னவர் அவர்.

போன மாசியில் பின்னால் வந்த வண்டி யூஜினின் இடது காலில் ஏறியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவர்களில் எவனோ மூச்சில்லை என்று போன் போட்டுவிட்டான். காதுகுத்துக்கே நாலு பேனர் வைக்கிற ஊர். விடிவதற்குள் கூட்ரோட்டில் 'கண்ணீர் அஞ்சலி' நின்றது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இவர்களுக்கு அந்த மட்டும் இல்லை.

முழங்காலுக்குக் கீழே கால் போனது, உயிர் போகவில்லை. ஆட்டோவில் திரும்பி வரும்போதும் பேனர் அங்கேயே வெளுத்துக் கிடந்தது. மனைவி செலின் மேரி இறங்கிப் போய்க் கிழித்தாள். "மூஞ்ச மட்டும் கிழிக்காதடி," என்றான். போட்டோ நன்றாக இருந்ததாம்.

செயற்கைக் கால் பொருத்தியதும் நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். அவன் வண்டிமேல் பிரிட்டோ உட்கார்ந்திருந்தான். யூஜினோடு பந்தயம் ஓட்டியவன்தான். "வாண்ணே," என்றான். இறங்கவில்லை.

"அப்பவும் இரும்ப மாட்டிக்கினுதான ஓட்னேன், மொதலாளி. இப்ப காலே இரும்பு. ஒரே ஒரு ரவுண்டு குடுங்க."

"உம்பேர்ல நினைவுக் கோப்பை அறிவிச்சாச்சுடா," என்றார் மணவாளன். "சாம்பியன் செத்துட்டான்னுதான் பெரிய கம்பெனிலாம் வருது. நீ வந்து நின்னா நான் இன்னான்னு சொல்றது?"

"நான் உசுரோடதான கீறேன்."

"எனுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரிய வேணாம். அன்னிக்கி வூட்லயே இரு."

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். யூஜினுக்கு இரண்டாவதில் மட்டும்தான் பொன், அதுவும் அடுத்தவர் கைக்கு.

பந்தயத்தன்று, செலின் தடுத்தும் கேட்காமல், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். மேடையில் அவன் போட்டோவுக்குச் சாமந்தி மாலை. மறைந்த வீரருக்கு மௌன அஞ்சலி என்று மைக்கில் சொன்னார்கள். கூட்டம் எழுந்தது. அவன் எழவில்லை.

பக்கத்தில் நின்றவர் வெளியூர், கரையாம்புத்தூர்க்காரர். குனிந்து அவன் தோளைத் தட்டினார். "எழுந்து நில்லுப்பா. செத்தவனுக்கு ஒரு மரியாதை குடு."

யூஜின் எழுந்து நின்றான்.

வண்டிகள் கிளம்பின. முதல் திருப்பத்திலேயே பிரிட்டோ முந்தினான்.

"இன்னாமா ஓட்றான் பாரு," என்றார் பக்கத்துக்காரர். "செத்தவனும் இப்டித்தான் ஓட்டுவானாமே. நீ பாத்துகீறியா?"

"இல்ல," என்றான் யூஜின். "நான் பாத்ததில்ல."