தெற்கு பார்த்த அரண்மனை

கடலூர் முதுநகர் பந்தல்காரர் பொன்னுரங்கத்துக்கு வாழ்க்கையில் ஒரே துயரம்: அவர் கட்டிய எதுவும் மறுநாள் நின்றதில்லை. தாலி ஏறியதும் பந்தலைப் பிரித்தாக வேண்டும். ஒவ்வொரு முறை கயிற்றை அவிழ்க்கும்போதும் அவர் கண் கலங்கும். பெண்ணைப் பெற்றவர்கள்கூட அவ்வளவு கலங்கியதில்லை. சாவதற்குள் ஒன்றாவது நிலைத்து நிற்க வேண்டும் என்று கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டார்.

தேவனாம்பட்டினத்தில் கல்யாண மண்டபம் வைத்திருந்த வைத்திலிங்கம் அந்த வரத்தைக் கொடுத்தார். மண்டபத்துக்கு ஊரே வாய் பிளக்கும்படி நிரந்தரமாக ஒரு முகப்பு கட்டச் சொல்லிவிட்டு, மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போய்விட்டார். பொன்னுரங்கமோ அப்போது செல்போனில் சீனச் சக்கரவர்த்திகளின் அரண்மனையைப் பார்த்து மயங்கிக் கிடந்தார். சிவப்புத் தூண்கள், நுனி வளைந்த மஞ்சள் ஓட்டுக் கூரை, கூரை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்த பொம்மை மிருகங்கள். ஆணியில்லாமல் மரத்தோடு மரம் கோத்து, உளுத்ததை மட்டும் கழற்றி மாற்றி, நூற்றாண்டுக் கணக்கில் காப்பாற்றுகிறார்களாம்.

அப்படியே கட்டினார். சக்கரவர்த்தி தெற்கு பார்த்துத்தான் உட்காருவார் என்பதால், கிழக்கு வாசலை அடைத்துவிட்டுத் தெற்கே வாசல் வைத்தார்.

கட்டியதோடு விட்டாரா? மண்டபம் பார்க்க வந்து தூணில் சாய்ந்த மாப்பிள்ளையை விரட்டினார். திருஷ்டிப் பூசணி கட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். தீப்பிடித்தால் அணைக்கச் சீனர்கள் வைத்ததைப் போலவே முற்றத்தில் தண்ணீர் அண்டாக்கள் வைத்தார். அவருடைய சொந்த வீட்டுக் கூரை மட்டும் தாராளமாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"சீனாக்காரன் கூரைய தொடச்சது போதுங்க. இங்க சோத்துல சொட்டுது," என்றாள் மனைவி புஷ்பவள்ளி.

சிதம்பரத்திலிருந்து வந்த பெண் வீட்டார் தெற்கு வாசலைக் கண்டதும் வேனை விட்டே இறங்கவில்லை. அடுத்து வந்தவர்களும் அப்படியே திரும்பினார்கள். ஊர் திரும்பிய வைத்திலிங்கம் ஆள் அனுப்பிப் பொன்னுரங்கத்தை வரவழைத்துக் கத்தினார்.

"யோவ், எமன் வர்ற வாசல்ல எவன்யா பொண்ண அழைச்சிக்கினு வருவான்? பிரிச்சி எடுத்துக்கினு போயிடு."

சாம்ராஜ்யம் இழந்த மன்னனைப் போல அழுதுகொண்டே பிரித்தார். ஆணி இல்லாததால் ஒரு கட்டையும் உடையவில்லை. லாரியில் ஏற்றிய பிறகுதான் அவருக்கு உறைத்தது: தன் வீடும் தெற்கு பார்த்ததுதான். அதனால்தானே அந்த மனை யாருக்கும் வேண்டாததாகி அவரிடம் வந்து சேர்ந்தது!

பேரரசரின் மஞ்சள் கூரை அவருடைய வீட்டின்மேல் ஏறியது. அடுத்த மழையில் அடுப்படியில் மட்டும் சொட்டியது. புஷ்பவள்ளி அங்கே வாளியை வைத்தாள்.

"நெருப்புக்குத் தண்ணி வைப்பாங்கன்னீங்களே, இந்தா வச்சிட்டேன். இதையும் பிரிக்கிறேன்னு ஏணிய தூக்கினு வந்தீங்க, நான் எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவேன்."

பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரிக்காதே என்று ஒருவர் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.