என் கையில் ஏறிய செபமாலை

எங்கள் ஊரில் என் வலது கையைக் கொஞ்சாதவர்கள் மிகக் குறைவு. எனக்கு அப்போது பத்து வயது. அந்தப் பெருமையை நான் இன்னும் முழுதாக விட்டுவிடவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு இடையில் வந்து என்னை யாரும் நல்ல பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது.

முல்லைத்தீவுக் கரையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பு ஏரி போன்ற களப்புமாக இருக்கும் ஊர் அது. களப்பில் இறால் படும் நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து இறால் உரிப்பேன். அப்படி ஒரு நாள் இறாலின் கொம்பு சுட்டுவிரலில் ஏறிவிட்டது. இறால் கொம்பு குத்தாத கை எங்கள் ஊரில் ஏது? விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு அடுத்த இறாலை எடுத்தேன்.

மூன்று கிழமை கழித்து அந்த இடத்தில் சிவப்பாக ஒரு பரு வந்தது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் தந்த பூசுமருந்துக்கும் அது அடங்கவில்லை, விழுங்கத் தந்த குளிசைக்கும் அடங்கவில்லை. நோவும் பெரிதாக இல்லை, காய்ச்சலும் இல்லை. பரு உடைந்து புண்ணாகியது. பிறகு புறங்கையில் ஒரு கட்டி, மணிக்கட்டில் ஒன்று, அதற்கு மேல் இன்னும் இரண்டு. விரலிலிருந்து முழங்கைப் பக்கமாக ஒரே கோட்டில், கோத்த மணிகளைப் போல ஐந்து. அதுவும் எப்போது? ஒக்டோபரில்.

ஒக்டோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். மாதாவின் சுரூபம் நாளுக்கொரு வீட்டுக்கு வரும். பின்னேரத்தில் ஊரே அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்லும். எங்கள் வீட்டு முறை வந்த அன்று மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நின்றவள் நான். பக்கத்து வளவில் இருந்த மாமி, அதாவது அப்பாவின் அக்கா, ஊரில் செபம் சொல்லிக் கொடுப்பவர். அவர் 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கியவர் என் கையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ, என்ர மாதாவே! பிள்ளையின்ர கையில செபமாலை ஏறுது, பாருங்கோ!"

அவ்வளவுதான். அன்றைக்குப் பதினெட்டுப் பேர் கையில் வாய் வைத்துக் கொஞ்சினார்கள். மறுநாள் அடுத்த ஊரிலிருந்தும் வந்தார்கள். நான் கதிரையில் கையை நீட்டிக்கொண்டு இருந்தேன். பிஸ்கட் வந்தது, டொபி வந்தது. என்னோடு கோபமாயிருந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் திடீரென்று சிநேகிதமானார்கள். முன்வரிசையில் சுரூபத்தைப் பிடிக்கும் வேலையும் எனக்கே கிடைத்தது. கையில் கட்டி வராத பிள்ளைகளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

கதை காதுக்கு எட்டி எங்கள் கோயில் பாதர் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செபமாலை எண்டா ஐம்பத்துமூண்டு மணி வேணும். இதில அஞ்சுதான் கிடக்கு. மிச்சம் வருமட்டும் பாத்துக்கொண்டிருக்கப் போறியளோ, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப் போறியளோ?"

பாதர் நக்கலடித்தது அம்மாவுக்கு விளங்கியது. ஊருக்கு விளங்கவில்லை. மிச்ச நாற்பத்தெட்டும் வரும் என்று பாதரே சொல்லிவிட்டார் என்று அடுத்த நாள் இரட்டைச் சனம் வந்தது.

அம்மா மட்டும் அந்தக் கையை ஒரு நாளும் கொஞ்சவில்லை. அது எனக்குப் பெரிய மனவருத்தம். சாப்பிடும்போதெல்லாம் அம்மா என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். சுட்டுவிரல் குச்சியைப் போல விறைத்து நின்றது. மற்ற விரல்களால் சோற்றை வழித்து எப்படியோ வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அம்மா என் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"எங்க, விரலை மடக்கு பாப்பம்."

முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கிப் பார்த்தேன், அப்போதும் முடியவில்லை.

"சோறு குழைக்க ஏலாத கைக்கு என்ன செபமாலை?" என்றார் அம்மா. விடிய முதல் பஸ்ஸுக்கு என்னை வெளிக்கிடுத்தினார்.

மாமி ஒழுங்கையில் வந்து மறித்தார். "மாதா தந்ததில கத்தி வைக்கப் போறியோ மச்சாள்? குடும்பத்துக்கு ஆகாது!" அப்பா வலையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், "அக்கா சொல்லுறதையும் ஒருக்காக் கேளன்" என்றார். அம்மா இருவரையும் விலக்கிக்கொண்டு நடந்தார். என்னை இழுத்துக்கொண்டு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் வழி முழுக்க அழுதேன், கனகராயன்குளத்தடியில் பஸ் யன்னலால் தலையை நீட்டிச் சத்தியும் எடுத்தேன். என் செபமாலையைப் பறிக்கப் போகிறார்கள் என்ற ஆத்திரம்தான் எனக்கு.

தோல் டொக்டர் இளம் பெண். கையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில மீன் தொட்டி இருக்கோ?"

அம்மாவுக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "இருக்கு டொக்டர். கொஞ்சம் பெரிய தொட்டி. முல்லைத்தீவுக் களப்பு முழுக்க எங்கட தொட்டிதான்."

டொக்டரும் சிரித்தார். கட்டியிலிருந்து சதையில் ஒரு துணுக்கு எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். அந்தக் கிருமி மெல்ல மெல்ல ஆறுதலாக வளரும் சோம்பேறியாம், மறுமொழி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இரண்டாம் முறை போனபோது அவர் அம்மாவுக்கு விளங்கும்படி சொன்னார்.

"இது இருமி இரத்தம் துப்புற கசம் இல்லை அம்மா. கசக் கிருமியின்ர ஒண்டவிட்ட சகோதரம் எண்டு வையுங்கோ. தண்ணியில, மீனில, இறாலில இருக்கும். காயத்தால உள்ளுக்குப் போகும். ஆளிட்ட இருந்து ஆளுக்குத் தொத்தாது. குளிசையிலயே மாறும், ஆனா மாதக்கணக்கில ஒரு நாளும் விடாமக் குடுக்கோணும். விட்டால் மூட்டுக்குள்ள இறங்கிடும். பிறகு அந்த விரல் மடங்கவே மாட்டுது."

ஊருக்கு வந்ததும் நான் சும்மா இருந்திருக்கலாம். செபமாலை போனாலும் பெருமை போகக் கூடாதே! "எனக்குக் கசத்தின்ர ஒண்டவிட்ட தம்பி வந்திருக்கிறார்" என்று வகுப்பில் அறிவித்தேன். ஒன்றுவிட்ட தம்பியை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. கசம் என்ற சொல் மட்டும் மணியோசை போல ஊர் முழுக்கப் போனது. கையைக் கொஞ்சியவர்கள் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தார்கள். வகுப்பு வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் எழும்பிப் போனாள். ஊர்ப் பெண்கள் கூடி இறால் உரிக்கும் இடத்தில் அம்மா உரித்ததைத் தனியே வைக்கச் சொன்னார்கள். மாமி தங்கள் வேலியில் நாங்கள் நுழைந்து போய்வரும் பொட்டு வழியைத் தென்னங்கிடுகு வைத்து அடைத்தார்.

அம்மா இறால் உரிக்கும் இடத்தில் எழும்பி நின்று கேட்டார்: "அண்டைக்கு மாதா தந்தது எண்டு கொஞ்சினனீங்கள். இண்டைக்குப் பேய் தந்ததோ? எல்லாரும் சேந்து ஒரு முடிவுக்கு வாங்கோ, நான் பிறகு வாறன்." அம்மா திரும்பக் குந்தியிருந்து அடுத்த இறாலை எடுத்தார்.

நான் மட்டும் அம்மாவுக்குத் துணையாக இருந்தேனா? எங்கே! குளிசை உள்ளே போகாவிட்டால் கட்டி இருக்கும், கட்டி இருந்தால் சனம் திரும்பி வரும் என்பது என் கணக்கு. மூன்று நாள் குளிசையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துப் பூவரசடியில் துப்பினேன். நாலாம் நாள் அம்மா என் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். பிறகு விழுந்த அடி இப்போதும் நினைவிருக்கிறது. அடித்துவிட்டு அம்மாதான் அழுதார். அதற்குப் பிறகு ஒரு நாளும் தப்பவில்லை. ஒன்றுக்குப் போனால் சலம் தோடம்பழச் சோடாவைப் போலச் செம்மஞ்சளாகப் போனது, நான் சாகப் போகிறேன் என்று கத்தினேன். "டொக்டர் சொன்னவ, குளிசை வேலை செய்யுது" என்றார் அம்மா, வெற்றிலை போட்டவர்களைப் போல அவ்வளவு திருப்தியாக.

முழங்கைப் பக்கத்துக் கட்டி முதலில் வற்றியது. பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் போகப் போக நான் தலையணைக்குள் அழுதேன். ஒன்றையாவது விட்டு வையுங்கோ என்று மாதாவைக் கேட்டேன்.

தவக்காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறான பாஸ்காவும் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் குசினியில் சோறும் சூடை மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நல்ல பசி. நாலு வாய் போன பிறகுதான் அம்மா ஆடாமல் அசையாமல் நிற்பதைக் கண்டேன். நான் ஐந்து விரலாலும் குழைத்து உருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"மச்சாள்! ஓடி வாங்கோ!" அம்மா போட்ட சத்தத்தில் களப்பில் நின்ற கொக்கெல்லாம் எழும்பியிருக்கும். மாமி வேலியடைப்பைப் பிய்த்துக்கொண்டு வந்தார். அயலெல்லாம் வந்தது. அம்மா என்னை முற்றத்தில் நிறுத்தி, "பொத்து" என்றார், பொத்தினேன். "விரி" என்றார், விரித்தேன். பத்துத் தரமாவது இருக்கும். சோற்றுக் கையோடு நான் பொத்தப் பொத்த அப்பா சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினார். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்னர் கோயில் வாசலில் அம்மா செருப்பைக் கழற்றினார். மணலில் முழந்தாளிட்டார். அங்கிருந்து பீடம் வரைக்கும் முழந்தாளிலேயே நகரத் தொடங்கினார். நான் பக்கத்தில் கொளுத்தாத மெழுகுதிரியோடு நடந்தேன். சனம் விலகி வழி விட்டது.

மாமி குனிந்து கேட்டார்: "எப்ப நேர்த்தி வைச்சனீ மச்சாள்?"

"நீங்கள் என்ர பிள்ளையின்ர கையைக் கொஞ்சின அண்டைக்கு."

தலை நிமிர்ந்தபடி, ஒருவரையும் பார்க்காமல், அம்மா சிரித்துக்கொண்டே போனார். எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. பள்ளிக்கூடத்தில் பிழை செய்தவர்களைத்தான் முழந்தாளில் விடுவார்கள். மாதா தந்த செபமாலையைக் குளிசை தந்து அழித்ததற்கு அம்மாவுக்குத் தண்டனை கிடைத்துவிட்டது, அதுவும் முழு ஊருக்கும் முன்னால்.

பீடத்தடியில் அம்மா எழும்பி நின்றபோது இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்திருந்தது. நான் மெழுகுதிரியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீயே கொளுத்து" என்றார். "அந்தக் கையால."

கொளுத்தினேன். கொளுத்திக்கொண்டே, அம்மா பாவம், தெரியாமல் செய்துவிட்டார், இந்த ஒரு முறை அவரை மன்னித்துவிடுங்கோ என்று மாதாவைக் கெஞ்சிக் கேட்டேன்.