குதிரைக்கு நேர்ந்து, ஒட்டகத்தில் ஏறியது

நனைந்த சாக்கும் பழைய பாயும் ஊறவைத்த கொண்டைக்கடலையும் கலந்த ஒரு வாசனை இருக்கிறது. அது மூக்கில் ஏறினால் போதும், எங்கே உட்கார்ந்திருந்தாலும் என் முதுகு தானாகப் பின்னால் சாய்ந்துவிடும். ஒட்டகத்தின் வாசனை அது. எனக்கு அதைவிடப் பிரியமான வாசனை வேறில்லை.

பிழைப்பு மட்டும் குதிரைகளோடு. மும்பையில் நடக்கும் குதிரைத் தாண்டல் போட்டிகளில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இன்ன குதிரை, இன்ன வீரர், கட்டை விழுந்தது, நான்கு தவறுப் புள்ளி என்று அறிவிப்பவன் நான். நடுநடுவே கூட்டத்தைச் சிரிக்கவும் வைப்பேன். எனக்கும் குதிரைக்கும் நடுவில் எப்போதும் ஒரு மேசை இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன் என்பதும், இத்தனை வருடத்தில் ஒரு குதிரைமேலும் ஏறியதில்லை என்பதும் அந்தக் கூட்டத்துக்குத் தெரியாது. மேலே இருப்பவனின் பயத்தைக் குதிரை மோப்பம் பிடித்து வட்டியோடு திருப்பித் தரும். என்னிடம் அசலே அதிகம்.

எல்லாவற்றுக்கும் காரணம் அம்மாவின் ஒரு நேர்ச்சை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் எங்கள் சந்து முழுக்க நிறைந்திருந்த குடும்பங்கள், ஒரு தகரக் கொட்டகையில் அம்மனை இருத்தி, கோடை விடுமுறையில் கொடைத் திருவிழா நடத்துவார்கள். சின்ன வயதில் எனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் கொடை ஊர்வலத்தில் அவனைக் குதிரை ஏற்றி உன்னைச் சுற்றிவரச் செய்கிறேன் என்று அம்மா அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். பிழைத்துவிட்டேன்.

பம்பாயில் வாடகைக்குக் குதிரை என்றால் கல்யாண மாப்பிள்ளையைச் சுமக்கும் வெள்ளைக் குதிரைதான். கொடை செவ்வாய்க்கிழமை, செவ்வாயில் எவன் கல்யாணம் வைப்பான், குதிரை சும்மாதானே நிற்கும் என்று கோயில் பொறுப்பாளர் பேச்சிமுத்து மாமா முன்கூட்டிச் சொல்லிவைக்கவே இல்லை. வடக்கத்திக்காரர்களுக்குச் செவ்வாய் நல்ல நாள் என்பது, அன்று மத்தியானம் குர்லா வரைக்கும் போய் ஒவ்வொரு குதிரைக்காரனிடமும் கெஞ்சிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. திரும்பும் வழியில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக்காட்டும் ஓர் ஒட்டகக்காரரைப் பார்த்து, கையோடு கூட்டிவந்துவிட்டார்.

"குதிரைன்னுல்லா நேந்தேன்" என்றாள் அம்மா.

"நாலு காலு இருக்கு, முதுகு இருக்கு. முதுகு கொஞ்சம் கூடவே இருக்கு தங்கச்சி. அம்மன் கோவிக்க மாட்டா" என்றார் மாமா.

தோல் பட்டறையில் பை தைக்கும் அப்பா அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார்: "ஊரை விட்டு வந்து நாம சப்பாத்தி திங்கலையா? அவளும் கொஞ்சம் அனுசரிச்சுக்கிடட்டும்."

"பயமா இருக்கால?" என்று மாமா என்னைக் கேட்டார். "எனக்கா?" என்றேன். அன்றைக்கு நான் தெளிவாகப் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒட்டகக்காரர் "பீச்சே! பீச்சே!" என்று கத்தினார், பின்னால் சாயச் சொல்கிறார் என்று புரிவதற்குள் அதன் கழுத்தை என் மூக்கால் அளந்துவிட்டேன். அடுத்த நொடி கூரைகளுக்கு மேலே இருந்தேன். பழைய டயர், ஒற்றைச் செருப்பு, அறுந்த பட்டம், அவற்றுக்கு மேலே சந்துக்குக் குறுக்கே தொங்கிய மின்கம்பிகள். கம்பிகளை மூங்கில் கவையால் தூக்கிப்பிடிக்க முன்னால் இரண்டு பேர் போவது வழக்கம். ஆனால் அவர்கள் வெட்டி வந்திருந்த மூங்கில் குதிரை உயரத்துக்கு.

அம்மா, அம்மன், எங்கள் கணக்கு டீச்சர் என்று நினைவில் வந்த எல்லாரையும் கூப்பிட்டு அலறினேன். கைகால் தனித்தனியாக ஆடியது. "பயலுக்கு அருள் வந்துட்டுலே" என்று யாரோ சொல்ல, மேளம் வேகம் பிடித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கீழே நின்று கைகூப்பி, "தாயே, துபாய் போன எம்மவன் எப்ப வருவான்?" என்று குறி கேட்டாள். "எறக்கி விடுங்க, எறக்கி விடுங்க" என்று கதறினேன். அவளோ திருப்தியாகத் திருநீறு பூசிக்கொண்டு, "சீக்கிரம் வந்து எறங்கிருவானாம்" என்று எல்லாரிடமும் சொன்னாள்.

இந்த அமளியில் பதறாத ஒரே ஜீவன் எனக்குக் கீழே இருந்தது. நான் அலறினேன், அது அசைபோட்டது. கம்பி வந்தால் நின்றது. கவையைப் பிடித்தவர்கள் எக்கி எக்கித் தூக்கும் வரை, ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பெரிய மனுஷனைப் போல எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. என் பயத்தை அது வாங்கிக்கொள்ளவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. பாதிச் சந்து தாண்டியதும் எனக்கே அலறுவதற்கு வெட்கமாகப் போய் அதன் கழுத்து மயிரைத் தடவிக்கொண்டிருந்தேன். அன்று பிடித்த பைத்தியம். பிறகு ஜுஹு கடற்கரையில் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் சும்மா நிற்பதற்காகவே எத்தனையோ ஞாயிறுகளில் ரயிலேறியிருக்கிறேன்.

அம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. எனக்குப் பல் வலித்தாலும், பரீட்சையில் தவறினாலும், சைக்கிளிலிருந்து விழுந்தாலும் அவள் சொன்னது ஒன்றுதான்: "குதிரை பாக்கி நிக்கில்லா." மைக் வேலை குதிரை மைதானத்தில் கிடைத்தபோது, "பாத்தியா, அம்மனே கூப்பிடுதா" என்று நெற்றியில் திருநீறு பூசினாள். நான் மைதானத்துக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு மேசை கேட்டு வாங்கினேன்.

இப்போது அம்மா செம்பூரில் என்னோடு இருக்கிறாள். முழங்காலில் அறுவை செய்தால்தான் இனி நடக்க முடியும் என்கிறார் டாக்டர். அம்மா மாட்டேன் என்கிறாள். "பாக்கிய வச்சுக்கிட்டுக் கத்தி வைக்க விடமாட்டேன். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் கடனை யாருலே கழிப்பா?"

ஒரு வாரம் தூக்கமில்லாமல் அலைந்தேன். பழையபடி ஓர் ஒட்டகத்தையே கூட்டிவந்து இன்னொரு சுற்று சுற்றி அம்மாவிடம் சமாதானம் பேசலாமா என்று தாராவிப் பக்கம் போனேன். அன்று ஒட்டகம் மண்டியிட்டு என்னை ஏற்றிக்கொண்ட திடலில் கட்டடம் எழும்பி நிற்கிறது. கம்பிகளெல்லாம் தரைக்குள் போய்விட்டன. பேச்சிமுத்து மாமா இல்லை, அப்பாவும் இல்லை. ஒட்டகக்காரர்கள் இந்தப் பக்கம் வந்து வெகு நாளாகிறது என்றான் டீக்கடைக்காரன். அன்று குதிரை கிடைக்காமல் ஒட்டகம் வந்தது. இன்று கொட்டில் கொட்டிலாகக் குதிரைகள் நிற்க, ஓர் ஒட்டகத்துக்கு ஊரெல்லாம் தேடுகிறேன்.

கடைசியில் வேறு வழியில்லாமல் குதிரை மைதானத்திலேயே கேட்டேன்; போட்டியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழட்டுக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில், நான் சுற்றிவர அம்மனுக்குப் பதிலாக அவளுக்குச் சாத்திய மஞ்சள் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசை இல்லாமல் நடந்துபோனேன். மூன்று பேர் தள்ளி ஏற்றினார்கள். குதிரையின் காது ஒருமுறை என் பக்கம் திரும்பியது. என் கணக்கைப் பார்க்கிறது என்று தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, சேணத்தைப் பிடித்துக்கொண்டு, முதுகை நன்றாகப் பின்னால் சாய்த்துக் காத்திருந்தேன்.

வேலிக்கு அப்பாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏலே, அது எந்திரிச்சுதான்லே நிக்கி. நேரா இரி."