தண்ணீர் கேன் ஸ்டாண்டில் டியூபா

டியூபாவைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். பேண்டில் ஊதுகிற வாத்தியங்களிலேயே பெரியது அதுதான். முழுக்கப் பித்தளை. பாட்டுக்கு அடியில் முழங்கும் கனத்த ஒலி, 'பேஸ்', அதிலிருந்துதான் வரும். வாயகலம் எங்கள் வீட்டு இட்லிக் கொப்பரை அளவு இருக்கும், எடை ஒரு பத்துக் கிலோ அரிசிப் பை. பாளையங்கோட்டையில் எங்கள் கிறிஸ்தவ சபையின் பேண்டில் அதை வாசிப்பவர் என் கணவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாசிக்கிறார். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வேலையைப் பற்றி வாயே திறக்க மாட்டார், டியூபாவைப் பற்றி ஆரம்பித்தால் மூட மாட்டார்.

போன மழைக்காலத்தில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தார். வலது தோளில் ஜவ்வு கிழிந்துவிட்டது. "இனிமே வெயிட் எதையும் தூக்கக் கூடாது சார். மறுபடி கிழிஞ்சா அந்தக் கையால சட்டைகூடப் போட முடியாது" என்றார் டாக்டர். இவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஊதலாமா?"

"ஊதலாம். தூக்கத்தான் கூடாது."

ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்த பேண்டு மாஸ்டர், நல்ல எண்ணத்தில்தான் ஆறுதல் சொன்னார். "நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க அண்ணாச்சி. கீபோர்டுல ஒரு பட்டனை அமுக்குனா பேஸ் வந்துரும்லா."

இவர் தலையாட்டினார். மாஸ்டர் போனபிறகு டியூபாவின் வாயில் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டனாம் பட்டன்! காலமெல்லாம் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த டீச்சர் நான். பட்டனால் எது ஆகும், எது ஆகாது என்று எனக்குத் தெரியாதா?

"உக்காந்து வாசிங்க. பாரத்தை ஒரு ஸ்டாண்டு தாங்கட்டும்" என்றேன்.

"அதெல்லாம் நம்ம ஊருல எங்கட்டி கிடைக்கும்?"

"கிடைக்காட்டா செய்யணும்."

முதலில் ஸ்டூல் மேல் தலையணையைப் போட்டு வைத்துப் பார்த்தேன். டியூபா புரண்டு இவர் மடியிலேயே விழப் பார்த்தது. சலித்துப்போய் அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் கேன் ஸ்டாண்டு கண்ணில் பட்டது. இரும்புச் சட்டம், நடுவில் கேனின் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் வளையம். கேனை இறக்கிவிட்டு டியூபாவை அதில் உட்காரவைத்தேன். அசையவில்லை. உயரம் மட்டும்தான் போதவில்லை.

இன்ச் டேப்பை எடுத்துவந்து இவரை நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து வாய்வரைக்கும் அளந்தேன். வயிற்றை எக்கினார். "மூச்சைப் பிடிக்காதீங்க, சட்டைக்கா அளக்குதேன்?" என்றேன். அவ்வளவு பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. ஊதி ஊதி மேலுதட்டில் விழுந்த வளையத் தழும்பு, இப்போது லேசாக மங்கியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"என்னட்டி பாக்குத?"

"அளக்குதேன்" என்றேன். டேப்பில் இருந்த எண் கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரியவில்லை.

மேலப்பாளையத்தில் ஒரு வெல்டிங் கடையில் நாலு காலுக்கும் பைப் வைத்து உயர்த்திக்கொண்டேன். கடைக்காரர், "இவ்வளவு உசரத்துல கேனை வச்சா தூக்க முடியுமாம்மா?" என்று கவலைப்பட்டார். "இது ஊதுற கேன் பாய்" என்றேன். அவர் வெல்டிங் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து வளையத்தைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூபைக் கட்டி, பித்தளையில் கீறல் விழாமல் இருக்க அதன்மேல் என் நூல் சேலைத் துணியை வைத்துத் தைத்தேன். அன்றிலிருந்து எங்கள் தண்ணீர் கேன் தரையில் இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு முழங்கால் வலி.

ஒத்திகையில் எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் வாசிப்பார்கள். இவரும் உட்கார்ந்து வாசித்தார். பேஸ் நிறைவாக வந்தது. மாஸ்டர், "அண்ணாச்சி, கீபோர்டைக் கட்டி மேல போட்டுருதேன்" என்றார். வீட்டுக்கு வந்து இவர் நாலு இட்லி அதிகமாகச் சாப்பிட்டார்.

அறுவடைக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகை ஆராதனை வந்தது. கோயிலில் வாழைத்தார், கரும்பு, நெல் மூட்டை என்று படைக்க வந்ததெல்லாம் குவிந்து கிடந்தது. பெண்கள் பக்கத்தில் முதல் பெஞ்சில் இருந்தேன். எதிரே பேண்டு. எங்கள் சபையில் கீர்த்தனையை உட்கார்ந்து பாடுவோம், மேல்நாட்டு மெட்டில் வரும் ஞானப்பாட்டு என்றால் எழுந்து நிற்போம். பேண்டும் நிற்கும். பிறந்ததிலிருந்து இப்படித்தான். அதனாலேயோ என்னவோ, அளவெடுத்த எனக்கும் அது நினைவு வரவில்லை, உட்கார்ந்த அவருக்கும் வரவில்லை.

முதல் பாட்டே ஞானப்பாட்டு. சபை எழுந்தது. பேண்டு எழுந்தது. இவரும் எழுந்துவிட்டார். டியூபா நான் அளந்த உயரத்திலேயே நின்றது. குனிந்து ஊதிப் பார்த்தார், மூச்சு வரவில்லை. முதல் சரணம் பேஸ் இல்லாமலே போயிற்று. மாஸ்டர் கையால் 'உட்காருங்க, உட்காருங்க' என்று காட்டினார். இவர் மாட்டேன் என்று தலையசைத்தார். கோயில் முழுக்க நிற்கும்போது தான் மட்டும் கால் நீட்டி உட்காருவதா? அவரிடம் கேட்காமலே அந்தப் பதில் எனக்குத் தெரியும். அடுத்து அவர் செய்ததைப் பார்த்தேன். வலது கையை டியூபாவுக்கு அடியில் கொடுத்தார். தூக்கப் போகிறார்.

கோயிலுக்குள் கத்த முடியுமா? ஓடிப்போய்க் கையைப் பிடிக்கத்தான் முடியுமா? ஒன்றும் தோன்றாமல், பெஞ்சு சத்தம்போட, தொம்மென்று உட்கார்ந்தேன்.

பக்கத்தில் நின்றவள் பாட்டை விட்டுவிட்டுக் குனிந்தாள். "என்னக்கா, தலை சுத்துதா?"

"இல்ல. சும்மாதான் உக்காந்திருக்கேன்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்க்கட்டும். நான் எதிரே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு அவரும் பார்த்தார். எழுந்து நின்ற அத்தனை சேலைக்கும் முன்னால் நான் ஒருத்தி உட்கார்ந்திருந்தேன். அவர் கை டியூபாவுக்கு அடியிலிருந்து பைய வெளியே வந்தது. நாற்காலியைப் பின்னால் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்றாம் சரணத்தில் பேஸ் வந்தது. தரை வழியாக ஏறி, நான் இருந்த பெஞ்சை மெதுவாக அதிரவைத்தது. நின்றிருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.