தேவகி அக்கா எழுந்து நின்ற நேரங்கள்

கூட்டத்தில் நான்கு வார்த்தை பேசவே எனக்குக் குரல் வராது. தேவகி அக்காவோடு பதினொரு வருடம் வேலை பார்த்தவர்கள் இருக்கும்போது, இரண்டு வருடம் மட்டும் பக்கத்து நாற்காலியில் இருந்த நான் எழுதுவதை மன்னியுங்கள்.

செய்தி நம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. "தேவகி காலமாகிவிட்டார். அவர் முடிக்காத ஃபைல்களை யார் எடுக்கிறீர்கள்?" இரண்டும் ஒரே செய்தியில். முதல் வரிக்கு நான் அழுவதற்குள் இரண்டாவது வரிக்கு யாரோ கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

கெண்டைக்காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கிறது. மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம் என்று டாக்டர் சொன்னாராம். நாம் விதி என்கிறோம்.

ஸ்ரீரங்கத்திலிருந்து நாங்கள் சேர்ந்து வரும் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் அக்கா நின்றுகொண்டுதான் வருவார்.

"உக்காருங்கம்மா, சீட்டுக்குத் தனியா டிக்கெட் இல்ல" என்பார் கண்டக்டர்.

"பகலெல்லாம் அதைத்தாங்க செய்யுறேன். நீங்க வேணா உக்காருங்க, நான் டிக்கெட் குடுக்குறேன்."

அலுவலகம் ஆளுக்கொரு இரண்டு லிட்டர் பாட்டில் கொடுத்தது. தண்ணீருக்காக யாரும் எழக் கூடாது என்பதற்குத்தான். அக்கா அதைத் தொடவில்லை. சின்ன டம்ளரில் பிடித்துக் குடிப்பார். அது தீர்ந்தால் மறுபடி எழுந்து நடப்பார். "வாடி, காலுக்கும் கொஞ்சம் வேலை குடுப்போம்" என்று என்னையும் கூப்பிடுவார்.

ஒரு நாற்காலி ஐந்து நிமிடம் காலியாக இருந்தால் சுவர்த் திரையில் அந்தக் குழுவின் பெயர் சிவப்பாகும். நம் குழு சிவந்தபோதெல்லாம் எல்லோரும் அக்காவை முறைத்தோம். ஒருநாள் நானே சொல்லிவிட்டேன்: "அக்கா, உங்களாலதான் நமக்குக் கெட்ட பேரு. கொஞ்சம் உக்காருங்களேன்." வயலில் நின்றே தேய்ந்த என் அப்பா, மகளுக்கு உட்கார்ந்த வேலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார். அந்த வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். அக்கா கோபப்படவில்லை. மறுநாள் அவர் மேஜையில் பெரிய பாட்டில் இருந்தது. அந்த மாதம் நாம் ஒருமுறைகூடச் சிவக்கவில்லை.

அடுத்த மாதம் அவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கியது. "ஒரு செருப்பு மட்டும் கடிக்குதுடி, என்ன அநியாயம்!" என்று சிரித்தார். டாக்டரைப் பார்க்க அரை நாள் கேட்டார்.

"மாசக் கடைசிம்மா. சனிக்கிழமை போயிக்கலாமே" என்றார் மேற்பார்வையாளர்.

வெள்ளிக்கிழமை அக்கா இறந்துவிட்டார்.

இப்போது நான் ஒவ்வொரு மணிக்கும் எழுந்து ஜன்னல்வரை நடக்கிறேன். முறைக்கிறவர்கள் முறைக்கலாம். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நடையும், என்மேல் உட்பட எல்லோர்மேலும் தீராத இந்தக் கோபமும்தான்.

மேலாளர் ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மாதத்தில் மிகக் குறைவாக இருக்கையை விட்டு எழுந்தவருக்கு இனி 'தேவகி நினைவுப் பரிசு' என்று பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள்.