ஒரு விரக்கடை பின்னால

ஒரே லென்ஸை நாலு தடவை வாங்குறவங்களுக்கு, அந்த நாலும் எப்படி வேற வேறன்னு எழுதிக் குடுக்கிறதுதான் நம்ம தொழில். சிரிக்காதீங்க. இதைப் படிக்கிற உங்க பீரோவுலயும் பழைய வேட்டிக்கு அடியில ஒண்ணு இருக்கும், வீட்ல யாருக்கும் தெரியாம.

லென்ஸ்னா, பழைய ஜெர்மன் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவோட ஐம்பது எம்எம். அந்தக் கேமராவுல லென்ஸ் வழியா பார்க்க முடியாது, பக்கத்து ஜன்னல் வழியா தூரத்தைக் கணிச்சுத்தான் ஃபோக்கஸ். முதல் வெர்ஷனை அமுக்கினா உள்ள மடங்கும். ரெண்டாவது மடங்காது, கையில வச்சா படிக்கல்லு மாதிரி கனம். மூணாவதும் நாலாவதும் எடை குறைஞ்சு வந்தது. தஞ்சாவூர்ல ஒரு மாடி அறையில உக்காந்து இதையெல்லாம் பிரிச்சு, பூஞ்சை துடைச்சு, ஒப்பிட்டு, ஒரு தாள் எழுதி அடியில கையெழுத்துப் போடுவேன். வெளியூர்க்காரங்க லென்ஸைப் பார்க்காமலே அந்தக் கையெழுத்தை நம்பி வாங்குவாங்க. எனக்குன்னு இருக்கிற சொத்து அது ஒண்ணுதான்.

வாய்க்கால் கரை

போன தாளடி நடவு முடிஞ்ச சமயம், பெங்களூர்லேர்ந்து ஒருத்தர் கூப்பிட்டார். மூணு வெர்ஷன் வச்சிருக்கார், ரெண்டாவது மட்டும் இல்லை. நம்ம ஊர் டாக்டரம்மா ஒருத்தங்க, மெடிக்கல் காலேஜ்ல உடற்கூறு பாடம் எடுத்து ரிட்டையர் ஆனவங்க, அவங்ககிட்ட ரெண்டாவது இருக்கு, குடுக்கவும் தயார். தன்னோட மூணையும் அனுப்பி வைப்பார், நாலையும் ஒப்பிட்டு எழுதணும், டாக்டரம்மாவோடது முழுக்க ஒரிஜினல்தானான்னும் சொல்லணும்.

தூரத்தை வச்சு லென்ஸைச் சோதிக்க மத்த ஊர்க்காரங்க மொட்டை மாடி தேடணும். நமக்கு வாய்க்கால் கரையில ஏறி நின்னா போதும், கண்ணு அலுக்கிற வரைக்கும் வயல். நாலு லென்ஸையும் டிஜிட்டல் பாடியில மாத்தி மாத்தி மாட்டி, திரையைப் பார்த்து ஃபோக்கஸ் பண்ணி, ஒரே வயலை எடுத்தேன். முதல் வெர்ஷன்ல வயல் மேல பனி இறங்கின மாதிரி ஒரு மெதுமை. ரெண்டாவதைப் பெருசு பண்ணினேன். ஒவ்வொரு நாத்துக் கொத்தும் தனித்தனியா நிக்குது. தண்ணிக்குள்ள தெரியிற நிழல்லகூட தாள் தாளா எண்ணலாம். பக்கத்துல மம்பட்டியோட நின்ன வயல்காரர் நாலையும் பொறுமையா பார்த்துட்டுச் சொன்னார்: "நாலுலயும் என் வயல்தானேங்க இருக்கு. மீதி மூணு எதுக்கு?"

மூலை

ஓரத்துல ஒரு லென்ஸ் எப்படின்னு தெரியணும்னா, தட்டையா, நெருக்கமா எழுத்து இருக்கிற சுவர் வேணும். பெரிய கோயில் அடித்தளத்துல கல்வெட்டு இருக்கு, அதைவிட நல்ல சோதனைத் தாளை எந்தக் கம்பெனியும் அச்சடிக்கலை. ஸ்டாண்டு வைக்க விடமாட்டாங்க, அதனால துண்டை மடிச்சு முட்டி மேல வச்சு எடுப்பேன்.

படத்தோட வலது கீழ் மூலையை மட்டும் பெருசு பண்ணினேன். யாரும் குனிஞ்சு பார்க்காத இடம். அங்கயும் உளி ஒரே ஆழத்துல இறங்கியிருக்கு. அந்த எழுத்தை ரெண்டாவது வெர்ஷன் கோணாம, கலங்காம கொண்டாந்திருக்கு. ஆயிரம் வருஷம் முந்தி ஒருத்தர், எங்கயோ ஜெர்மனியில ஒருத்தர், ரெண்டு பேருமே மூலைதானேன்னு விட்டுடலை. துண்டைக்கூட எடுக்காம அப்படியே உக்காந்திருந்தேன். காவலுக்கு நின்னவர் வந்து திரையை எட்டிப் பார்த்தார்: "எல்லாரும் கோபுரத்தை அண்ணாந்து எடுக்குறாங்க, நீங்க என்ன சார், எதையோ தொலைச்ச மாதிரியே எடுக்குறீங்க?"

தலை மாறின கதை

தொலைச்சதுதான், வேற ஒண்ணு. இந்த ரெண்டாவது வெர்ஷன் ரெண்டு பாகமா கழலும். கண்ணாடி இருக்கிற தலை, அதைத் தாங்கி ரேஞ்ச்ஃபைண்டருக்குத் தூரம் சொல்ற உடம்பு. எந்தத் தலையும் சரியா ஐம்பது எம்எம் கிடையாது, மயிரிழை கூடும் குறையும். நைட் ஸ்கூல்ல குவியத் தூரம்னு போர்டுல எழுதிப் போட்டப்போ அது ஊருக்கெல்லாம் ஒண்ணுன்னுதான் நெனச்சிருந்தேன். ஃபேக்டரியில ஒவ்வொரு தலையையும் அளந்து, அதுக்குன்னே ஒரு உடம்பைச் சீவி, ரெண்டுக்குள்ளயும் ஒரே நம்பரைப் பென்சில்ல எழுதியிருப்பாங்க.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி டாக்டரம்மா லென்ஸைக் கழட்டினேன். தலையில ஒரு நம்பர், உடம்புல வேற நம்பர். என் பழைய நோட்டைப் புரட்டினா, ஆறு வருஷம் முன்னாடி ஒரே நாள்ல இதே வெர்ஷன் ரெண்டு வந்திருக்கு. ஒண்ணு டாக்டரம்மாவோடது, இன்னொண்ணு பட்டுக்கோட்டையில தேங்கா மண்டி வச்சிருக்கிற ராஜமாணிக்கம் அண்ணனோடது. ரெண்டையும் ஒரே மஞ்சத் துணியில பரப்பித் துடைச்சு, தலையை மாத்திப் பூட்டிட்டேன். ரெண்டுக்கும் 'எல்லாம் ஒரிஜினல்'னு கையெழுத்து வேற. டாக்டரம்மா எடுக்கிறதெல்லாம் ஆறும் வயலும்தான், தூரத்துல இந்தத் தப்பு தெரியவே தெரியாது. ரேஞ்ச்ஃபைண்டரை விட்டுட்டு, லென்ஸ் காட்டுறதையே திரையில பார்த்து எடுத்த எனக்கும் தெரியலை.

சொல்லாம விட்டா யாருக்கும் தெரியாது. ஆனா அந்தத் தாள்ல பேனாவை வச்சுப் பார்த்தேன், கை போகலை. நேரா போய் டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டுச் சொன்னாங்க: "முப்பது வருஷம் உடம்பை அறுத்துப் பாடம் எடுத்தேன்ப்பா, தலையை மாத்தி வச்சு ஆறு வருஷம் நடமாட விட்ட ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

பட்டுக்கோட்டை

பஸ்ல போறப்பதான் உறைச்சது. ராஜமாணிக்கம் அண்ணன் எடுக்கிறது எல்லாமே முகம், அதுவும் கைக்கு எட்டுற தூரத்துல. தலை மாறின லென்ஸ்ல அந்தத் தூரத்துக்கு ஃபோக்கஸ் ஒரு விரக்கடை, அதாவது ஒரு விரல் அகலம், பின்னால போய் விழும். கண்ணுல வச்சா கண்ணு கலங்கும். ஆறு வருஷமா எத்தனை ரோல் பாழாப் போச்சோ.

அண்ணன், மண்டியில தேங்கா உரிக்கிறவங்க படங்களை மேசையில பரப்பினார். ஒவ்வொரு முகத்துலயும் இமை மயிர் எண்ணலாம். எனக்கு ஒண்ணும் புரியலை. எப்படி எடுக்கிறீங்கன்னு கேட்டேன். கேமராவைக் கண்ணுல வச்சார், உரிக்கிறவர் கண்ணுக்கு நேரா ஃபோக்கஸ் பண்ணினார். அப்புறம் மூச்சை இழுத்துக்கிட்டு, ஒரே ஒரு விரக்கடை, பின்னால சாய்ஞ்சு அமுக்கினார். அளந்து வச்ச மாதிரி. நான் அம்பது முறை அளந்து கண்டுபிடிக்க வேண்டிய தப்பை அந்த முதுகு தானா கண்டுபிடிச்சு, தானா திருத்தி, யார்கிட்டயும் சொல்லாம வச்சிருக்கு. கல்வெட்டு முன்னாடி உக்காந்த மாதிரியே ஆயிட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். கோவப்படுவார்னு பார்த்தா, லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்: "தப்பு உங்களுதா தம்பி? இது கூச்ச சுபாவம் போலிருக்கு, கிட்டப் போனா நாமதான் கொஞ்சம் விலகிக்கணும்னு நெனச்சுல்ல பழகிக்கிட்டேன்."

அவங்கவங்க தலை

ரெண்டையும் கொண்டாந்து தலையைக் கழட்டி, நம்பர் பார்த்து ஒண்ணைப் பூட்டி முடிச்சுட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன். இப்போ துணியும் ரெண்டு வச்சிருக்கேன். பென்சில் நம்பர் ரெண்டும் சேர்ந்து உக்காந்தப்போ சின்னதா ஒரு சத்தம் கேட்டது, புதுப் பூட்டு மாதிரி. பெங்களூர்க்காரர் தாள்ல எதையும் மறைக்கலை: 'இந்த உடம்பு என் தவறால் ஆறு வருடம் வேறு தலையோடு இருந்தது' அப்படின்னு எழுதி, அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டேன். வேண்டாம்னுதான் சொல்வார்னு இருந்தேன். போன்ல அவர் குரல் தாழ்ந்துபோச்சு: "சார், இந்த மாதிரி ஒண்ணு உலகத்துல வேற யார்கிட்டயும் இருக்காதில்ல?"

திரும்பவும் பட்டுக்கோட்டை

இருபது நாள் கழிச்சு ராஜமாணிக்கம் அண்ணன் முதல் ரோலைக் கழுவி அனுப்பினார். முப்பத்தாறு முகம். முப்பத்தாறுலயும் மூக்கு நுனி கண்ணாடி மாதிரி இருக்கு, கண்ணு கலங்கியிருக்கு. நேர்ல போய் லென்ஸை வாங்கி மறுபடி அளந்தேன். ஒரு குறையும் இல்லை. எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். ஃபோக்கஸ் சரியா வச்சார். அமுக்குறதுக்கு முன்னாடி, அவருக்கே தெரியாம, அந்த முதுகு ஒரு விரக்கடை பின்னால போச்சு.

அண்ணே, சாயாதீங்கன்னேன். சாயலையேன்னார். மறுபடி எடுத்தார், மறுபடி சாய்ஞ்சார். நாலாவது தடவை கேமராவை மடியில இறக்கி வச்சார். தணிவாப் பேசுற மனுஷன், அன்னைக்கும் அப்படித்தான் பேசினார்: "லென்ஸைச் சரி பண்ணிட்டீங்க தம்பி, நல்லது. என்னை எப்போ பிரிச்சுப் பாக்கப் போறீங்க?"

அதுலேர்ந்து என் ஒப்பீட்டுத் தாள்ல, கண்ணாடி, பூச்சு, நம்பர் எல்லாத்துக்கும் கீழ, 'வச்சிருந்தவர் எவ்வளவு சாய்வார்'னு ஒரு கட்டம் சேர்த்திருக்கேன், இன்னைக்கு வரைக்கும் அதை நிரப்புறதுக்கு மட்டும் என்கிட்ட அளவுகோல் கிடையாது.